குதிரையின் ஜாதி

காவல் நிலையத்தில் கட்டம் போட்ட தாள்.
சேதம்: பெண்குதிரை ஒன்று, இடக்கண்.
"ஜாதி?" என்றார் ஏட்டு.
"கத்தியவாரி" என்றேன்.
தலைநிமிராமல் எழுதிக்கொண்டார்.
அன்றிரவு அந்த அறையில்
அந்தக் கேள்விக்குக்
குரல் தாழாமல் பதில் வந்தது
அந்த ஒருமுறைதான்.

என் பெயர் காசம் மீர்.
பனாஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
பதினெட்டு ஊர்களுக்கு மாப்பிள்ளைக் குதிரை என்னுடையது.
டேல் என்று அவளுக்குப் பெயர், எங்கள் பேச்சில் பெண்மயில்.
காதுகள் இரண்டும் உள்வளைந்து
நுனியில் முட்டிக்கொள்ளும்,
தூரத்திலிருந்து பார்த்தால் கொம்பு போல.

ஹிதேன் பர்மார் ஆயிரத்து ஒன்று முன்பணம் வைத்தான்.
மின்வாரியத்தில் லைன்மேன்.
போன மழைக்குப் பெரிய தெரு இருண்டு கிடந்தபோது
நள்ளிரவில் எட்டு மீட்டர் கம்பத்தில் ஏறியவன் அவன்தான்.
கீழே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்
"பார்த்து ஏறுப்பா" என்றார்கள்.

என் குதிரையின் முதுகு
ஐந்தடிகூட இல்லை.

முதல்நாள் மாலை மூன்று பேர் லாயத்துக்கு வந்தார்கள்.
டேலுக்கு வெல்லம் கொடுத்தார்கள்.
"காலில் வலி என்று சொல்லிவிடேன், காசம்பாய்.
உன் கடைக்குப் புதுக்கதவு போட்டு எத்தனை வருஷம்,
எட்டா, ஒன்பதா?"
ஒன்பது.
பழைய கதவு என்ன ஆனது என்று
அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் வீரன் இல்லை.
அன்றிரவு முன்பணத்தை மூன்று தடவை எண்ணினேன்.
திருப்பித் தரவேண்டும் என்றுதான் எண்ணினேன்.
விடியலில் அவள் குளம்பைத் தூக்கிச் சுரண்டியபோது
நான்கு காலும் நன்றாக இருந்தன.
இல்லாத வலியை
எந்தக் காலில் வைப்பது?

பால் சொசைட்டி திருப்பத்தில்
பேண்டு வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது,
கடைசியாக டிரம்.
முதல் கல் தலைப்பாகைக்கு.
இரண்டாவது அவள் கண்ணுக்கு.
அவள் துள்ளவில்லை.
மேலே ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.
ரத்தம் கடிவாளத்தில் இறங்கி
என் மணிக்கட்டுக்கு வந்தது, சூடாக.
ஹிதேன் குனிந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான்,
மின்சாரம் போகிறதா என்று தெரியாத
ஒரு கம்பத்தைக் கட்டிக்கொள்வது போல.

அறிக்கையில் இருக்கிறது:
அடையாளம் தெரியாத சுமார் இருநூறு பேர்.

தெரியாதவர்களா?
பாதிப்பேரைக் கல்யாணத்துக்குச் சுமந்தவள் அவள்.
எவன் தொடை நடுங்கியது, எவன் குடித்துவிட்டு ஏறினான்,
எவனுடைய அம்மா இவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
எடையை வைத்தே சொல்லிவிடுவாள்.
அவளை யாரும் கேட்கவில்லை.
என்னைக் கேட்டார்கள்.
பதினொரு பெயர் என்னிடம் இருந்தது.
நான்காவது பெயரில் ஏட்டு பேனாவை மூடினார்.
மிச்சம் ஏழும்
இன்னும் என் வாயில் இருக்கின்றன,
வெற்றிலை போட்டாலும் போகவில்லை.

நியாயமா, அது குதிரைக்கொம்பு என்கிறார் வக்கீல்.
லாயத்துக்கு வந்து அவளைப் பார்க்கிறேன்.
காது இரண்டும்
நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நிற்கின்றன.
இடக்காது இப்போதெல்லாம் அதிகம் திரும்புகிறது.
பட்டாசுக்கு மட்டும் உடம்பு உதறுகிறது.
எனக்கும்தான்.

நேற்று ஒரு போன். அதே குடியிருப்பு, பெண்குரல்.
"அண்ணனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். குதிரை கிடைக்குமா?"
"ஒரு கண் தெரியாதும்மா."
"எந்தக் கண்?"
"இடது."
சற்று நேரம் சத்தமே இல்லை.
"அப்படியானால் இடப்பக்கம் நான் நடந்து வருகிறேன்."

சரி என்று
இன்னும் நான் சொல்லவில்லை.
லாடம் அடிப்பவனுக்கு மட்டும்
ஆள் அனுப்பியிருக்கிறேன்.